ஓய்வு கொடுக்கப்பட்ட கிளை

சேவுகன் தன் சம்மந்தி தவமணிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அறுபத்தோராயிரத்து நானூறு ரூபாய். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, கேட்பாரும் கிடையாது. அதுதான் அவனை அரித்தது. வட்டிக்காரன் என்றால் வாசலில் வந்து நின்று கத்துவான். நாமும் ஒரு நாள் திருப்பிக் கத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். தவமணி கத்துகிற ஆள் இல்லை.

மகள் கார்த்திகாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் அது. பாத்திரக்கடையில் சீர் சாமான்களைக் கட்டி வைத்தாயிற்று. பணத்தோடு வருகிறேன் என்ற மைத்துனன் செல்லை அணைத்துவிட்டான். கடை வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல் சேவுகன் நின்றபோது, மாப்பிள்ளையின் அப்பா தவமணி ஏதோ வேறு சோலியாக அந்தப் பக்கம் வந்தவர் போல வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லாவில் பணத்தைக் கட்டிவிட்டு, "இது நமக்குள்ள இருக்கட்டும் சம்மந்தி. அண்டாவ நாளைக்கு நீங்கதான் எங்க வீட்டுக்குக் கொண்டு வாரீக" என்றார்.

மறுநாள் அந்த அண்டாவும் குடமும் குத்துவிளக்கும் மேளத்தோடு பெண் வீட்டுச் சீராகப் போயின. சேவுகன் மகளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று ஊரே மெச்சியது. மெச்ச மெச்ச அவன் தலை குனிந்துகொண்டே போனது.

சேவுகனுக்கு ஆவரங்குடி. தவமணிக்குக் கள்ளிவயல். நொச்சியாறு அணைக்கட்டுக்குக் கீழே கவட்டைபோல இரண்டாகப் பிரியும். வடகிளை ஆவரங்குடி வழியாகவும் தென்கிளை கள்ளிவயல் வழியாகவும் போகும். போகும் என்று சொல்வது பழக்கதோஷம். இரண்டு கிளையிலும் மழைக்காலத்தில் நாலு நாள் கலங்கல் தண்ணீர் ஓடும், மற்ற நாளெல்லாம் ஆடு நடக்கும்.

ஆற்றை மீட்கிறோம் என்று அரசாங்கம் இதற்கு முன் மூன்று தடவை பணம் போட்டிருந்தது. முதல் தடவை போட்ட பணம் தடுப்பணையாகி அடுத்த மழையில் உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது தடவை போட்டது பெயர்ப்பலகையானது. மூன்றாவது தடவை போட்டது என்ன ஆனது என்று பலகைகூட வைக்கவில்லை. அதனால் நாலாவது தடவை மனிதர்களை நம்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஆற்று மணலில் இடுப்புயரக் கம்பிகளை வரிசையாக நட்டார்கள். தலையில் ஒரு சின்ன விளக்கு, அடியில் முனை. நடுவதற்கு வந்த ஷர்மிளா மேடம் சின்ன வயசு, நல்ல மாதிரி. கூலிக்கு வந்தவர்களையும் வாங்க போங்க என்றுதான் பேசும்.

"இது என்னம்மா செய்யும்?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள். சேவுகன் கும்பலில் மண் சுமக்கிறவள். வாய் சும்மா இருக்காது.

"மண்ணைச் சுவைச்சுப் பார்க்குங்க. ஈரம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, மருந்து கலந்த தண்ணியா, எல்லாம் தெரியும். தெரிஞ்சதைச் சென்னைக்கு அனுப்பும். அங்க பங்கீட்டு இயந்திரம்னு ஒண்ணு இருக்கு. எந்தக் கரைக்கு எவ்வளவு பணம், எவ்வளவு தண்ணி, எல்லாத்தையும் அதுதான் முடிவு பண்ணும்."

"அதுக்கு மேல ஆபீசரு யாரு?"

"யாரும் இல்லை. அதுதான் விசேஷம். கமிஷன் கேட்காது. சொந்தக்காரங்க, சாதிக்காரங்கன்னு பார்க்காது."

"அப்ப நம்ம வீட்டு விசேசத்துக்குப் பத்திரிகை வச்சாலும் வராதுன்னு சொல்லுங்க."

கும்பலே சிரித்தது. மேடமும் சிரித்தது. அன்றிலிருந்து அந்தக் கம்பிக்கு ஆவரங்குடியில் நாக்கு என்று பெயர்.

வேலை கடுமையான வேலை. சீமைக்கருவேலை வேரோடு பிடுங்கி, கரையில் வெட்டிவேர் நட்டு, படுகையில் குறுக்குக் குறுக்காகக் கல் அடுக்கினால் வருகிற தண்ணீர் நின்று மண்ணுக்குள் இறங்கும் என்பது கணக்கு. பாதிக் கூலி வாராவாரம். மீதிப் பாதிக்கு ஈரக்கூலி என்று பெயர். மூன்று வருசம் கழித்து நாக்குகளில் பச்சை விளக்கு எரிந்தால்தான் கிடைக்கும். கும்பலுக்கு மேஸ்திரி சேவுகன். மேஸ்திரிக்கு ஈரக்கூலி கொஞ்சம் கூடுதல். அதை வைத்து அண்டாக் கடனை அடைத்துவிடலாம் என்று அவன் மனசுக்குள் அப்போதே முடிச்சுப் போட்டுவிட்டான்.

முதல் வருசம் மழை ஏமாற்றியது. இரண்டாவது வருசமும் பெரிசாகப் பெய்யவில்லை. நட்ட வெட்டிவேர் காய்ந்து நின்றது. வரிசையாக எல்லா நாக்கிலும் சிவப்பு. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அது ஆளைப் பார்த்து முறைப்பதுபோல இருக்கும்.

ஒரு மதியம் சாப்பிட்டு முடித்த பஞ்சவர்ணம், சாப்பாட்டுத் தூக்குப் போணியில் மிச்சமிருந்த குடிதண்ணீரை ஒரு நாக்கின் காலடியில் கவிழ்த்துவிட்டுக் கொண்டையை முடிந்தாள். கொண்டையை முடிந்து நிமிர்வதற்குள் விளக்கு பச்சையாகிவிட்டது.

"ஏண்ணே, இங்க வாங்க. இது எச்சித் தண்ணிக்கே பல்லைக் காட்டுது."

அன்று எல்லோரும் அதை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். வேடிக்கை இரண்டு நாளில் யோசனையாக மாறியது. போர் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். விளக்கு அசையவில்லை. லாரித் தண்ணீரை ஊற்றினார்கள். அதற்கும் அசையவில்லை. அடுத்த முறை ஷர்மிளா மேடம் வந்தபோது எந்தத் தண்ணீருக்குப் பச்சை எரியும் என்று சேவுகன் சும்மா கேட்பதுபோலக் கேட்டான்.

"போர் தண்ணியில உப்பு இருக்கும்ணே, காட்டிக் கொடுத்துடும். லாரியில குளோரின் இருக்கும். மழைத்தண்ணி, ஆத்துத்தண்ணி, இந்த ரெண்டைத்தான் அது ஏத்துக்கும். யாரும் ஏமாத்தக் கூடாதுல்ல" என்றது மேடம்.

பஞ்சவர்ணத்தின் போணியில் இருந்தது ஊருணித் தண்ணீர். ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாக வந்து தேங்கிய தண்ணீர்.

ஆவரங்குடிக்கு ஊருணி என்பது சாமிக்கு அடுத்தபடி. படியில் செருப்போடு இறங்கினால் சின்னப் பிள்ளைக்கும் முதுகில் விழும். ஆடு மாடு எட்டிப் பார்க்க முடியாதபடி சுற்றிலும் கம்பி வேலி. குளிக்கவோ துவைக்கவோ ஒரு சொம்பு எடுக்கக் கூடாது. குடிக்க மட்டும்தான். மோர் மாதிரி லேசாகக் கலங்கி, தேத்தாங்கொட்டை தேய்த்த பானையில் தெளிந்து, நாக்கில் பட்டதும் தித்திக்கும். தவமணி சம்மந்தி வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். "இந்தத் தண்ணிக்குத்தான் நான் இங்க பொண்ணு எடுத்தது. பொண்ணு சும்மா கொசுறு" என்பார். "நான் கொசுறா மாமா" என்று கார்த்திகா முறைப்பாள். ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு, ஒவ்வொரு தடவையும் சிரிப்பு.

அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றினார்கள்.

ஊர்க்கூட்டம் எல்லாம் போடவில்லை. கருவேல நிழலில் கும்பல் உட்கார்ந்து பேசியது.

"குடிக்கிறத எடுத்து மண்ணுல ஊத்தவா? வெளங்குமாண்ணே?" என்று கேட்டதும் பஞ்சவர்ணம்தான்.

"ஒரு வருசம்தான பஞ்சவர்ணம். பச்சை எரிஞ்சா அணையில இருந்து தண்ணி விடுவாங்க. ஊருணி தானா நெறையும்" என்றான் சேவுகன்.

"இது கள்ளத்தனம் இல்லையா?"

"யாரு வீட்டுல திருடுறோம்? கவர்மெண்டு. மூணு தடவை அவங்க நம்மள ஏமாத்துனாங்க. ஒரு தடவை நாம."

அவள் சும்மாட்டுத் துணியை உதறி மடித்தாள். பிறகு, "கொடத்த நான் எடுத்தாரேன்" என்றாள்.

வேலையாட்களுக்குக் குடிதண்ணீர் என்று சொல்லித்தான் குடங்கள் போயின. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் ஆளுக்கொரு நாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை கழுவுகிற மாதிரி ஊற்றுவார்கள். வானத்தில் படம் பிடிக்கிற யந்திரம் பறந்தாலும் கூலியாட்கள் கை கழுவுவதுதான் தெரியும். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. ஆரம்பத்தில் நாலு குடம் போதுமாக இருந்தது. வெயில் ஏற ஏறப் போதவில்லை. ஊருணியில் படி படியாக வெளியே தெரிந்தது. ஊர் லாரித் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. பேசாமல் குடித்தது. அதற்குள் எல்லா வீட்டுக்கும் விஷயம் தெரியும்.

கவர்மெண்டைத்தான் ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பில் சேவுகன் மூன்றாவது வருசத்துப் பாதி வரைக்கும் நன்றாகத்தான் தூங்கினான்.

"உங்க கிளை அருமையாத் தேறிடுச்சுண்ணே" என்று ஷர்மிளா மேடம் ஒரு நாள் வந்து சொன்னது. "ரெண்டுல ஒண்ணுதானே. இந்தக் கிளைதான் வரும்போல."

"ரெண்டுல ஒண்ணுன்னா?"

"அணையில இருக்கிற தண்ணிக்கும் ஒதுக்கின பணத்துக்கும் ரெண்டு கிளையைப் பார்க்க முடியாதுன்னு இயந்திரம் கணக்குப் போட்டிருக்கு. ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற கிளைக்குத்தான் எல்லாம். இன்னொண்ணுக்கு ஓய்வு கொடுத்துடுவாங்க."

"ஓய்வுன்னா?"

மேடம் கொஞ்சம் தயங்கியது. "தலைமதகைக் கான்கிரீட் போட்டு அடைச்சிடுவாங்க. ரெண்டு வருசம் லாரித் தண்ணி வரும். அதுக்கப்புறம் ஜனங்களை வேற இடத்துக்கு மாத்துவாங்க. கள்ளிவயல்லயும் கஷ்டப்பட்டுத்தான் வேலை பார்க்கிறாங்க, பாவம். நாலு கம்பியில பச்சைகூட வந்திருக்கு."

மேடம் போன பிறகு சேவுகன் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கள்ளிவயல் கும்பலுக்கு மேஸ்திரி தவமணி. அவர்கள் நாலு நாக்கில் எரிந்தது நிஜமான பச்சை. அதே வேலை, அதே கல், அதே வெட்டிவேர். அந்த மண்ணுக்குத் தண்ணீரைப் பிடிக்கத் தெரிந்திருந்தது, இந்த மண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். மறுநாள் மதியம் கும்பல் அவன் முகத்தைப் பார்த்தது. ஐம்பது வீடு, ஐம்பது வீட்டுப் பிள்ளைகள், ஈரக்கூலியை நம்பி வாங்கிய கைமாத்துகள், அவனுடைய அண்டா. சேவுகன் போணியைத் திறந்து சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினான்.

அந்தச் சமயத்தில்தான் கார்த்திகா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். முதல் நாள் சொம்பை வாயில் வைத்தவள், "என்னப்பா இது, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது" என்றாள்.

"ஊருணி இந்த வருசம் வத்திப்போச்சுத்தா."

"மழை இல்லாத வருசத்துலயும் வத்தாதே."

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் வாசலில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டு, வேலைக்குப் போகிற குடங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேலையாட்கள் இருபது பேருக்கு எத்தனை குடம் வேண்டும் என்று மேஸ்திரி மகளுக்குத் தெரியாதா.

பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த தவமணி பேத்தியைக் கையில் வாங்கி, காதில் எதையோ சொல்லிச் சிரித்துவிட்டு, வழக்கம்போலச் சேவுகனைப் பார்த்தார். "எங்க சம்மந்தி, தண்ணி."

சேவுகன்தான் கொண்டுவந்து கொடுத்தான். வேறு என்ன செய்ய. தவமணி ஒரு வாய் குடித்தார். உடனே விழுங்கவில்லை, வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு விழுங்கினார். ஊருணிக் கரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அதற்கப்பால் ஆற்றுப் படுகையில், சுற்றிலும் பொடி மணல் பறக்க, பச்சைப் பச்சையாக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"இந்த வருசம் வெயிலு சாஸ்திதான்" என்றார். சொம்பைக் கீழே வைத்தார். கொசுறு என்ற பேச்சு அன்றைக்கு வரவில்லை.

அவர் கவனிக்கவில்லை என்று சேவுகன் தன்னைத் தேற்றிக்கொண்டான். சில சமயம் மனிதன் தனக்குத்தானே ஊருணித் தண்ணீர் ஊற்றிப் பச்சை காட்டிக்கொள்கிறான்.

அறிவிப்பு எல்லோர் செல்லுக்கும் ஒரே நேரத்தில் வந்தது. நொச்சியாறு வடகிளை மீட்புக்குத் தேர்வு. தென்கிளைக்கு ஓய்வு. "ஆத்துக்கு ஓய்வாம்ல" என்றாள் பஞ்சவர்ணம். "நமக்கு ஒரு நாளும் அது கெடைக்கல." யாரும் சிரிக்கவில்லை. மறுவாரம் ஈரக்கூலி வந்தது. சிலர் கோழி அடித்தார்கள், சிலர் அரிசிக் கடைப் பாக்கியை முடித்தார்கள். அணையிலிருந்து தண்ணீர் திறந்ததும் ஊருணி நிறையும், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அறிவிப்பின் கடைசியில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. தென்கிளைக்காரர் யாராவது ஒருவர் முப்பது நாளுக்குள் மறுப்பு மனுக் கொடுத்தால் போதும். வண்டி வந்து வடகிளை நாக்குகளுக்குப் பக்கத்தில் ஆழத் துளைபோட்டுப் பார்க்கும். உள்ளே காய்ந்து கிடந்தால் வடகிளை வெளியே, தென்கிளை உள்ளே. சேவுகன் எழுத்துக்கூட்டி அதை இரண்டு தடவை வாசித்தான். வண்டி வந்துவிடுமோ என்று முதல் பத்து நாள் பயந்தான். அப்புறம், ஏன் இன்னும் வரவில்லை என்று பயந்தான்.

கடைசி நாள் அவன் வங்கியிலிருந்து பணத்தை நோட்டாக எடுத்தான். செல்லில் அனுப்புகிற கடன் இல்லை அது. வெற்றிலை பாக்கு வாங்கி, துண்டில் சுற்றி, மத்தியான பஸ்ஸில் கள்ளிவயல் போனான்.

தவமணி வீட்டில் இல்லை, ஆற்றில் இருந்தார். அவர் கும்பல் நாக்குகளைப் பிடுங்கி, அரசாங்கத்துக்கு எண்ணிக்கை காட்ட, விறகுபோல அடுக்கிக்கொண்டிருந்தது. பிடுங்கிய குழிகளில் சேவுகன் எட்டிப் பார்த்தான். அடியில் மண் கறுத்து ஈரமாக இருந்தது. ஒரு குழியோரத்தில் வெட்டிவேர் துளிர்த்திருந்தது.

"வாங்க சம்மந்தி" என்று தவமணி கையைத் துடைத்துக்கொண்டு கரையேறினார். வழக்கமான அதே குரல். "பேத்தியப் பாத்தீகளா? உங்க மூக்கு."

"மொதல்ல இதப் புடிங்க." சேவுகன் வெற்றிலைமேல் பணத்தை வைத்து இரண்டு கையாலும் நீட்டினான். "அண்டாப் பணம். ரொம்ப நாள் ஆக்கிட்டேன்."

தவமணி கையை நீட்டவில்லை. "இது எதுல வந்துச்சு?"

"கூலிதான்."

"ஈரக்கூலியா?"

"ஆமா."

"அப்ப வேணாம் சம்மந்தி" என்றார். கோபம் இல்லை. சோறு போதும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

நீட்டிய கையை எங்கே கொண்டுபோவது என்று சேவுகனுக்குத் தெரியவில்லை. கீழே கும்பல் அடுத்த நாக்கை அசைத்துப் பிடுங்கியது.

"அன்னைக்கே தெரியுமா?"

"ஒரு வாய்த் தண்ணியில தெரியாதா? அதுக்குன்னு பொண்ணு எடுத்தவன் நான்."

"அப்ப மனுப் போடுங்க." தன் வாயிலிருந்து அது வந்தது சேவுகனுக்கே தூக்கிவாரிப் போட்டது. "அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. செல்லுலயே போடலாம்."

"உங்க மகளும் இதத்தான் சொல்லுச்சு. போன வாரம் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து, மாமா, மனுப் போடுங்க, நான் கண்ணால பாத்தேன், எங்க வந்து வேணும்னாலும் சாச்சி சொல்றேன்னு நிக்குது."

சேவுகன் நீட்டிய கையை இறக்கினான். "போட்டிருக்கலாமே."

"போட்டா தண்ணி எங்களுக்கு வரும். நல்லது. அப்புறம் அந்தப் பொண்ணு? அப்பனக் காட்டிக் குடுத்து ஊரக் காலி பண்ண வச்சவன்னு அங்க பேசுவாக. அவ சொல்லித்தான் நமக்குத் தண்ணி வந்துச்சுன்னு இங்க பேசுவாக. ரெண்டு பேச்சும் ஒண்ணுதான். எம் பேத்தி எந்த ஊருக்குப் போயி அம்மா பொறந்த வீடுன்னு சொல்லும்?" தவமணி தலைத்துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க ஆளுக கிட்டயும் சொல்லல. இவங்களுக்கு நான் பண்ணுன துரோகம் அது. அத நான் சொமக்கணும். நீங்க உங்களோடத சொமங்க."

"உங்க ஊருணியில இருந்துச்சே தண்ணி. நீங்களும் ஊத்தியிருக்கலாம்."

"யோசன வந்துச்சு. எங்க கும்பல்லயும் வெவரமான ஆளுக இருக்காங்க." அவர் லேசாகச் சிரித்தார். "குடிக்கிற தண்ணியாச்சே சம்மந்தி."

கரையோர வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கார்த்திகாதான் கொண்டுவந்தாள். இடுப்பில் பிள்ளை. அப்பாவைப் பார்த்தாள், "வாங்கப்பா" என்றாள், கண்ணை எடுத்துக்கொண்டு பிள்ளையின் சட்டையைச் சரிசெய்தாள். கல்யாணச் சீரில் வந்த சொம்பு அது.

சேவுகன் குடித்தான். லேசாகக் கலங்கல். ஆற்றுத் தண்ணீர் தித்தித்தது. கடைசியாக இந்த ருசியைக் குடித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தான். இனி இந்த ஊருக்கும் இது இருப்பு இருக்கிற வரைக்கும்தான் என்றும் நினைத்தான். ஒரு சொட்டுக்கூடக் கீழே விடாமல் குடித்தான்.

கும்பலில் ஒருவன் செல்லைப் பார்த்துவிட்டு, "அஞ்சாயிருச்சு அண்ணே. முடிஞ்சுது" என்று கீழிருந்து கத்தினான். தவமணி சரி என்று கையை ஆட்டினார்.

"அந்த அறுவத்தோராயிரத்து நானூறத் தள்ளியாச்சு சம்மந்தி. இனிமே அதப் பேச வேணாம்" என்றார். "இருட்டுறதுக்குள்ள பஸ்ஸப் புடிங்க."

சேவுகன் வெற்றிலையைக் கரையில் வைத்தான். பணத்தை மறுபடி துண்டில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டான். பஸ்ஸுக்குப் போகிற வழி ஆற்றைக் கடந்துதான் போனது. பிடுங்கிய குழிகள் வரிசையாகத் திறந்து கிடந்தன. அவன் ஒன்றிலும் மிதிக்காமல் நடந்தான். மடியில் ஒரு நோட்டுக்கூடக் குறையவில்லை. யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை.